சிந்துஜாவின் கத்துகிற பெட்டி

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்குள் மாவு மில் வந்துவிட்டது. மருமகள்தான் கொண்டுவந்தாள்.

காலையில், "அத்தை, உக்கடம் வரைக்கும் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிந்துஜா அப்படித்தான். தலைக்குக் குளிப்பதற்குக்கூட என்னைக் கேட்பாள். ஃபேன் போட்டுக்கட்டுமா, ஜன்னலைத் திறக்கட்டுமா, கொஞ்சம் காபி கலந்துக்கட்டுமா. நான் என்ன ஹாஸ்டல் வார்டனா? "போ கண்ணு, அதையெல்லாம் எங்கிட்டக் கேப்பியா?" என்றேன். பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. டீச்சராகக் கத்திக் கத்தியே ரிட்டையர் ஆன குரல் இது. அன்பாகச் சொன்னாலும் அடிக்க வருவது மாதிரிதான் இருக்கும். என்ன செய்வது, இனிமேல் குரலை எங்கே போய் மாற்றுவது?

மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் ஓர் இரும்புப் பெட்டி. பழைய டிவிடி பிளேயர் மாதிரித் தட்டையாக இருந்தது, ஆனால் அதைவிட அகலம், அதைவிட நல்ல கனம். முன்பக்கம் வரிசையாகச் சதுரச் சதுரமாக ஓட்டைகள். ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது கழித்துப் போட்டதாம். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் பிடித்திருக்கிறாள்.

"இதுக்குப் பேரு நெட்வொர்க் ஸ்விட்ச் அத்தை. ஒரு ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கும். இதுல பழகினாத்தான் இன்டர்வியூல தைரியமாப் பதில் சொல்ல முடியும்."

சரி, படிப்புக்குத்தானே என்று நினைத்தேன். பிளக்கைச் சொருகினாள். அம்மாடி! விர்ர்ர் என்று கிளம்பியது பாருங்கள், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்துபோனது. எங்கள் கட்டிடத்தையே யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன்.

"அதுகள பேச வைக்கறது இருக்கட்டும். இது என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துது?"

"உள்ள சின்ன ஃபேன் ரெண்டு இருக்கு அத்தை. அதுதான். ஆபீஸ்ல எல்லாம் இதைத் தனி ரூம்ல பூட்டி வெச்சிருப்பாங்க. யாருக்கும் கேக்காது."

நம் வீட்டில் தனி ரூமுக்கு எங்கே போவது? இரண்டு பெட்ரூம், ஒரு ஹால். ஒன்று எனக்கு. இன்னொன்று கோகுலுக்கும் அவளுக்கும். என் மகன் கப்பலில் இன்ஜினியர். கல்யாணம் முடிந்து எட்டு மாசம் வீட்டில் இருந்துவிட்டு, பொங்கல் கழிந்ததும் கடலுக்குப் போய்விட்டான். இப்போது நானும் இந்தக் கோவில்பட்டிப் பெண்ணும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டி கத்துகிறது. அது கத்துவதால் நான் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன். ரேடியோ சத்தத்தில் குக்கர் விசில் காதில் விழவில்லை. பருப்பு கூழாகிவிட்டது.

"என்னாலதான் அத்தை" என்று ஓடிவந்து பெட்டியை அணைத்தாள். "உன்னாலயா? குக்கர் என்ன உன்கிட்டச் சொல்லிட்டா விசில் அடிக்குது? போய்ப் படி" என்றேன். போகவில்லை. கூழான பருப்பை நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். கோகுலாக இருந்தால் தட்டைத் தள்ளியிருப்பான்.

முன்பு ராத்திரி ஷிஃப்டில் போனில் பதில் சொல்கிற வேலையில் இருந்தாள். கண்ணெல்லாம் கருவளையம். நான்தான் "அந்த வேலைய விடு, பிடிச்சதப் படி" என்றேன். அவளுக்குப் பிடித்தது இதுவாம். சென்னைக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஏப்ரல் முதல் வாரம் இன்டர்வியூ. கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கும், கையில் இருக்கிற சாமானை வைத்துச் செய்து காட்ட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

கீழ்வீட்டு ஜெகநாதன் மாடிப்படியில் மறித்துக்கொண்டார். அசோசியேஷன் செக்ரட்டரி ஆனதிலிருந்து அவருக்கு மூக்கு நீண்டுவிட்டது.

"டீச்சர், உங்க வீட்டுல ஏதாச்சும் மிசின் போட்டிருக்கீங்களா? பகலெல்லாம் விர்ருனு கேக்குது. வீட்டுல கம்பெனி நடத்தறதுக்கு ரூல்ஸ் இல்லீங்களே."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஆமாங்க, கம்பெனிதான். என்ற மருமக இஞ்சினியருங்க. நாளைக்கு உங்க வீட்டு நெட்டு நின்னுபோச்சுன்னா அவகிட்டத்தான் வந்து நிக்கோணும். உங்க நாய் காலைல இருந்து குரைக்குதே, நான் ஒரு நாளாச்சும் வந்து கேட்டனுங்களா? படிக்கற புள்ளைங்க, அப்படித்தான் சத்தம் வரும். பொறுத்துக்கோங்க" என்றேன். மூன்றாவது மாடி வரை கேட்டிருக்கும். ஜெகநாதன் பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அதில் ஒரு திருப்தி.

மேலே வந்தால் பெட்டி அதே கத்து. மாடி ஏறிய மூச்சிரைப்பு, சண்டை போட்ட படபடப்பு. "ஏங்கண்ணு, இந்தச் சனியன என்னமாச்சும் பண்ணித் தொலை, காது போகுது" என்றேன். உடனே அணைத்துவிட்டாள்.

ஜெகநாதன் கேட்ட விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. படிக்கிற பெண்ணுக்கு மனசு கலையும்.

மார்ச் 16, ஞாயிறு

துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். சிந்துஜா அந்தப் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

"இங்க சரிப்படாது ரெஜினா. அத்தைக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கு. உன் ரூமுக்கு வந்துருதேன். மொட்டைமாடி ரூம்தானே, எவ்வளவு கத்தினாலும் கேக்க ஆளில்லல்லா? பெட்டியையும் தூக்கிட்டு வாரேன்."

ரெஜினா அவளோடு படித்தவள். பெங்களூரில் இருக்கிறாள்.

போகட்டும். அவளுக்கு எது வசதியோ அது. சின்ன வயசு, சிநேகிதிகளோடு இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் லேசு. ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி போட்டால் போதும், யாரும் குளிக்கட்டுமா என்று வந்து நிற்கமாட்டார்கள்.

கத்தரிக்காய்ப் பொரியலுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். அதையும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். அவள் போவது அந்தப் பெட்டியின் சத்தத்தால். சத்தம் போய்விட்டால் பெங்களூருக்கு என்ன வேலை? விஷயம் இவ்வளவுதான். இதற்குப் போய் மனசைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

காலை டிபனுக்கு உட்கார்ந்ததும் சொன்னேன்: "இந்தச் சத்தத்துக்கு இன்னைக்கே ஒரு வழி பண்ணறோம். எனக்கு இந்த வீட்டுல அந்தச் சத்தம் கேக்கப்படாது."

அவள் முகம் சுண்டிப்போனது. தோசையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். காரமாக இருந்திருக்கும்.

நாள் முழுக்க அதே வேலை. அடியில் மிதியடி வைத்துப் பார்த்தேன், கத்தியது. குத்தாக நிறுத்திப் பார்த்தேன், கத்தியது. பாத்ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் பாத்ரூமே சேர்ந்து கத்தியது. கடைசியில் சிந்துஜா சொன்னாள்: "ஃபேனை மாத்தினாத்தான் சரியாகும் அத்தை. அதே அளவுல சத்தம் குறைஞ்ச ஃபேன் வருது. மெதுவாச் சுத்தும். நாமளே மாட்டிக்கலாம்."

"அதை மொதல்லயே சொல்லறதுக்கென்ன?"

"இல்ல... நீங்க சொன்ன பொறவு சொல்லலாம்னு."

இந்தப் பெண்ணை என்ன செய்வது?

மார்ச் 21, வெள்ளி

ஃபேன் வந்துவிட்டது. இரண்டு. ஃபேன் என்றதும் நான் டேபிள் ஃபேன் அளவு நினைத்திருந்தேன். இது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இத்தனூண்டு சாமானா அந்தப் பாடு படுத்தியது!

சாப்பாட்டு மேசைமேல் பழைய பெட்ஷீட்டை விரித்து ஆபரேஷன் நடந்தது. அவள் டாக்டர், நான் நர்ஸ். கழற்றுகிற ஸ்க்ரூவைத் தாளிப்புக் கரண்டியில் போட்டு வைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே அரை முறம் தூசி. நான் மாவரிக்கிற பிரஷ்ஷால் தட்டினேன், அவள் தும்மினாள், இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாள் கழித்து அவள் அப்படிச் சிரித்துப் பார்க்கிறேன்.

பழைய ஃபேனைக் கழற்றிப் புதுசை மாட்டினோம். போட்டால் சுற்றவே இல்லை. ஒயர் நிறம் ஒன்றுதான், ஆனால் இந்தக் கம்பெனிக்காரன் வரிசையை மாற்றி வைத்திருக்கிறானாம். ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து இடம் மாற்றினாள். என் கண்ணுக்கு அந்த ஓட்டைகூடத் தெரியவில்லை. என்ன பொறுமை!

அப்புறம் சுற்றியது. சத்தமே இல்லை. ஆனால் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"அது என்ன கண்ணு, சிவப்பு?"

"ஃபேன் செத்துப்போச்சுன்னு அது நினைக்குது அத்தை. பழசு வேகமாச் சுத்தும்லா. இது மெதுவாச் சுத்துறதால, வேலை செய்யலன்னு முடிவு பண்ணிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "மெதுவாச் சுத்தினா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? அப்ப ரிட்டையர் ஆனவங்கள்லாம்?"

சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விளக்கு எரிந்தாலும் பரவாயில்லையாம், பெட்டி அதன்பாட்டுக்கு ஓடும்.

மார்ச் 22, சனி

பெட்டி தொட்டால் சுடுகிறது என்று சிந்துஜா காலையிலேயே முழித்துக்கொண்டிருந்தாள். பூஜை அலமாரியில் போய் ஊதுபத்தி எடுத்துவந்து, "அத்தை, இதை எடுத்துக்கட்டுமா?" என்றாள். சாமிக்கு ஏற்றப் போகிறாள் என்று தலையாட்டினேன். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அதற்குக் காட்டுகிறாள்!

"இதென்னடி கூத்து? அதுக்குப் போய் ஊதுபத்தி காட்டறே?"

"புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கேன் அத்தை."

பார்த்தால், ஒரு ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறது. இன்னொன்று உள்ளே இழுக்கிறது. ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருக்கிறோம். அதை மாட்டியது நான்தான். ஒன்று கொடுக்க ஒன்று பிடுங்க, உள்ளே சூடு எப்படிப் போகும்? திருப்பி மாட்டினாள். அப்புறம் இரண்டு புகையும் ஒரே பக்கமாகப் போயின. ஹால் முழுக்க ஊதுபத்தி வாசனை.

இப்போது பெட்டி ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் காற்று வருகிறதாம். அங்கிருந்து நீளமாக ஒயர் இழுத்து, அவள் ரூமில் உட்கார்ந்து படிக்கிறாள். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பூனை மாதிரி இருக்கிறது.

"இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது அத்தை" என்றாள்.

"ஆமா சாமி, இப்பத்தான் நிம்மதி" என்றேன். மனசாரச் சொன்னேன். இனிமேல் பெங்களூர்ப் பேச்சு எடுக்கமாட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வடகம் ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

தையல் மிஷினை எடுத்தேன். கோகுல் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டுக்கு அப்புறம் இப்போதுதான்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. ஃப்ரிட்ஜ், மிக்சி, டிவி, வாஷிங் மெஷின், தையல் மிஷினுக்கே ஓர் உறை. கோகுல் கேலி செய்வான், "என்னையும் ஒரு பையில போட்டு மூடிரு" என்று. செய்துகொண்டு போகட்டும். இருக்கிற சாமானைத் தூசியில் விடுவதா? ஆனால் வந்ததற்கெல்லாம் தைத்துவிடமாட்டேன். இரவல் சாமானுக்கும் வந்துபோகிற சாமானுக்கும் உறை கிடையாது. இந்த வீட்டில் இருக்கப்போகிறது என்று தெரிந்தால்தான் துணி வெட்டுவேன்.

நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூப் போட்ட துணி. ஓரத்தில் கொசுவம் வைத்தேன். முன்னால் ஒயர் சொருகுகிற ஓட்டைகளுக்கு இடம் விட்டு வெட்டினேன். பின்பக்கம் நன்றாக இறங்கித் தொங்குகிறது. தைத்தது அவளுக்குத் தெரியாது. இன்டர்வியூ முடிந்து வெளியே வரும்போது பார்க்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

நான் செய்த காரியத்தை எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு இன்டர்வியூ. தலை வாரி, விபூதி வைத்து, மேலே நல்ல சட்டையும் கீழே வீட்டில் போடுகிற பேண்டுமாக ரூமுக்குள் போய் உட்கார்ந்தாள். "அத்தை, கதவைச் சாத்திக்கட்டுமா?" என்றாள். "சாத்திக்க தங்கம், நல்லாப் பண்ணு" என்றேன்.

ஹாலுக்கு வந்தேன். பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. முன்னால் விளக்கு மின்னியது, ஆனால் டிவியை அணைத்தாலும்தான் சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். முன்பு ஓடினால் ஊருக்கே தெரியும். இப்போது ஓடுகிறதா, தூங்குகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? உறையை எடுத்துப் போட்டேன். அளவு கச்சிதம். கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தேன். அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும், எவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தேன் என்று.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. சிந்துஜா ஓடிவந்தாள். பெட்டிமேல் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உறையை உருவினாள். பின்னால் தொங்கிய துணி ஃபேன் இரண்டையும் அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே போகவேண்டிய சூடெல்லாம் உள்ளேயே நின்று, பெட்டி தானாக அணைந்துவிட்டது. அவர்கள் கண் முன்னாலேயே, கேட்டதைச் செய்து காட்டிக்கொண்டிருக்கும்போது.

மறுபடி போட்டுப் பார்த்தாள். சூடு ஆறாமல் எழுந்திருக்கவில்லை. ரூமுக்குள் போய் ஏதோ இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பது கேட்டது.

வெளியே வந்தபோது அவள் கையில் அந்த உறை இருந்தது. நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"இன்னும் சத்தம் கேக்குதோ அத்தை? துணி போட்டு மூடிட்டீங்களே."

எனக்கு என்மேலேயே அப்படி ஓர் ஆத்திரம். அந்த ஆத்திரம் வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. "ஒண்ணும் கேக்கல, ஒரு எழவும் கேக்கல, போ!" என்று கத்திவிட்டேன்.

போய்விட்டாள்.

ஏப்ரல் 5, சனி

கம்பெனிக்கு நடந்ததை எழுதிப் போட்டாளாம். அவர்கள் மனசு வைத்து இன்னொரு நாள் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் தேதி. மாரியாத்தா, உனக்குக் கோடிப் புண்ணியம்.

அந்த நல்ல சேதியைச் சொன்ன மூச்சிலேயே இன்னொன்றும் சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு பெங்களூர் போலாம்னு இருக்கேன். அங்க இருந்தே இன்டர்வியூவ முடிச்சிருதேன். பொறவும் அங்கயே... போட்டுமா அத்தை?"

"போ கண்ணு. அதையெல்லாம் எங்கிட்டக் கேப்பியா?" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? அவள் வேலையைக் கெடுத்தவள் நான். இருந்துவிட்டுப் போ என்று எந்த முகத்தோடு சொல்வது?

பருப்புப்பொடி அரைத்தேன். வழிக்குப் புளிசாதத்துக்குப் புளி ஊறப்போட்டேன். அவளுக்கு எலுமிச்சை ஊறுகாய் பிடிக்கும், ஒரு பாட்டில் கட்டி வைத்தேன். ஒரு பாட்டில் போதாது என்று இன்னொன்றும் வைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோகுல் கூப்பிட்டான். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம், அதனால் சிக்னல். சிந்துஜா உள்ளே பெட்டியைத் துணிக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"ஏம்மா, அவ போறாளாமா?"

"ஆமாடா. அவளுக்கு அங்கதான் சௌகரியம்."

"சௌகரியமாவது! உனக்குத் தொந்தரவா இருக்குதுன்னுதாம்மா அவ போறா."

"எனக்கா? எனக்கென்னடா தொந்தரவு?"

"நீதான் சத்தம் கேக்கப்படாதுன்னு சொன்னியாமே. பாத்ரூம்ல எல்லாம் தூக்கி வெச்சியாமே. சத்தம் நின்ன பொறகும் துணியப் போட்டு மூடினியாமே. 'அத்தை பாவம், எவ்வளவுதான் பொறுத்துக்குவாங்க, நான் போயிருதேன்'னு சொல்லறா. வந்த நாள்ல இருந்தே உனக்குப் பாரமா இருக்கமோன்னு பயந்துட்டுத்தான் இருக்கறா."

அடப்பாவி மனமே! அவள் போகக்கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பெட்டியோடு அவ்வளவு மல்லுக்கட்டினேன். நான் ஒவ்வொரு தடவை சத்தத்தை அடக்கியபோதும் அவளுக்கு 'நீ வெளியே போ' என்று கேட்டிருக்கிறது.

"நீ அவள இருன்னு சொன்னியாம்மா?"

"சொல்லோணுமாடா? தெரியாதா?"

"சொல்லோணும்மா."

போனை அவன் வைத்தானா, நான் வைத்தேனா தெரியாது. நேராக ரூமுக்குப் போனேன். சிந்துஜா கட்டிலோரத்தில் உட்கார்ந்து பைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அதுவும் எனக்கு ஆகவில்லை. நான் வந்தால் எழுந்து நிற்க நான் என்ன இன்ஸ்பெக்‌ஷனுக்கா வருகிறேன்?

"உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உறையில் ஆரம்பித்தேன்.

"அந்தத் துணிய சத்தத்துக்காகப் போடல கண்ணு. ஃப்ரிட்ஜ் என்ன கத்துதா? மிக்சி சும்மா இருக்கறப்பக் கத்துதா? எல்லாத்துக்கும் போட்டிருக்கறனே. இந்த வீட்டுல இருக்கப்போற சாமானுக்குத்தான் நான் உறை தெப்பேன். நீயும் உன்ற பெட்டியும் இங்கதான் இருக்கப்போறீங்கன்னு நெனச்சுத்தான் தெச்சேன். அது ஓடிட்டிருக்குதுன்னு எனக்குத் தெரியல சாமி. உன்ற வேலையக் கெடுத்துப்போட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, விழவில்லை.

"அப்ப சத்தம்?"

"சத்தமாம் சத்தம்! நீ ரெஜினாகிட்டப் பேசினது என்ற காதுல விழுந்துச்சு. சத்தத்தாலதான் போறேன்னு நெனச்சு, அதை அடக்கினா நீ போகமாட்டேன்னு... வேற எனக்கு என்ன தெரியும்?" அதற்கு மேல் குரல் மைதானத்துக்கே போய்விட்டது. "போகாதே! எனக்கு நீ வேணும். கோகுலுக்காகச் சொல்லல, எனக்கு வேணும். பெட்டி கத்தட்டும், பத்துப் பெட்டி கத்தட்டும். நீ இல்லாம இந்த வீட்டுல நான் யார்கூடக் கத்தறது?"

சிந்துஜா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அத்தை" என்றாள்.

"நீ கேட்டியா? குளிக்கட்டுமான்னு கேட்டே. இருக்கட்டுமான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

அழுகையோடேயே சிரித்தாள். ஜிப்பைத் திறந்தாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் டிவி பக்கத்தில் வைத்தேன். புளிசாதத்தை இரண்டு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்டர்வியூ நடக்கும்போது நான் ஹாலில் பெட்டிக்குக் காவலாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். எனக்குக் காற்று இல்லை. முதுகெல்லாம் வியர்வை. அணையவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. தட்டில் மாம்பழம், எலுமிச்சை, வெள்ளரி வைத்துக் கண்ணாடி முன்னால் காட்டினேன். வடை, பாயசம். கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் வேறு கம்பெனி இல்லையா என்று நான் சொன்னேன், அவளும் அதையே சொன்னாள். ஆனால் போன் மணி அடித்தால் இரண்டு பேரும் ஓடுகிறோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் எழுந்தால் சிந்துஜாவைக் காணோம். செருப்பைக் காணோம். பெங்களூருக்கே போய்விட்டாளோ என்று அவள் ரூமுக்கு ஓடினேன். அவள் பையும் துணியும் இருந்த இடத்தில் இருந்தன. அப்புறம்தான் மூச்சு வந்தது.

மத்தியானம் கீழே ஆட்டோ நின்றது. எட்டிப் பார்த்தேன். ஜெகநாதன் கேட்டில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, சிந்துஜா ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். முன்னதைவிடப் பெரிசு. மேலே வந்து ஹால் நடுவில் பொத்தென்று வைத்தாள். பிளக்கைச் சொருகினாள். நின்று ஊளையிட்டது பாருங்கள், முன்னது இதற்குப் பச்சைக் குழந்தை.

"ரெண்டு பெட்டி இருந்தாத்தான் அத்தை ஒண்ணோட ஒண்ணு பேசுறதை முழுசாப் படிக்க முடியும்" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "காபி போடுங்க, தலை வலிக்கி!"

போகிறேன் என்று சொல்லவில்லை. வாங்கட்டுமா, வைக்கட்டுமா, போடட்டுமா, ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! காபி கலக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.